பாப்பாவுக்கு, நைட் டூட்டி முடிந்ததும் படிக்க

அன்புள்ள பாப்பா,

நேற்று போனில் "சாப்பிட்டியா" என்று கேட்டதற்கு "ம்" என்றாய். 31 வருஷம் நர்ஸாக வார்டில் நின்றவளிடம் அந்த "ம்" எல்லாம் செல்லாது. அப்புறம் நீயே சொன்னாய், குழந்தைகள் வார்டு போஸ்டிங்கில் நீ தினமும் காய்ச்சல் பார்த்த பையன் போய்விட்டான், நாலு நாளாகத் தூக்கமில்லை, ஹாஸ்டல் குழாயில் கை கழுவும்போதெல்லாம் அவன் முகம் வருகிறது என்று. போனில் எனக்கு வார்த்தை வரவில்லை, அதான் எழுதுகிறேன்.

போகப்போகப் பழகிவிடும் என்று சீனியர்கள் சொல்வார்கள். நானும் புதுப் பிள்ளைகளிடம் சொல்லியிருக்கிறேன். சும்மா. ரிட்டயர் ஆகும்வரை எனக்குப் பழகவில்லை, முகத்தில் காட்டாமலிருக்க மட்டும் தெரிந்துகொண்டேன்.

நீ யு.கே.ஜி. படித்தபோது பாலைக் கொட்டினாய் என்று பளாரென்று அறைந்தேன். உனக்கு ஞாபகம் இருக்காது, எனக்கு இருக்கிறது. பால் கொட்டியதற்கா அடித்தேன்? முந்தின ராத்திரி தீக்காய வார்டில் 22 வயசுப் பெண் ஒருத்தி, விடியும்வரை தண்ணீர் தண்ணீர் என்று கேட்டுக்கொண்டே இருந்து அடங்கிவிட்டாள். யாரிடமும் ஒரு வார்த்தை சொல்லாமல் பஸ் ஏறி வீட்டுக்கு வந்திருந்தேன். ஆச்சி அன்றைக்கு ஒன்றும் கேட்கவில்லை. ஆனால் அடுத்த நைட் டூட்டியிலிருந்து நான் வரும்போது கொல்லையில் வெந்நீர் தயாராக இருக்கும், துவைகல்லில் உட்கார்ந்துகொண்டு "இன்னைக்கு யாரு?" என்பாள். சொல்வேன். யாருமில்லை என்றால் "அப்பாடா, காப்பியைக் குடி" என்பாள், அவ்வளவுதான்.

உன் மனநலப் பாடத்தில் 'பர்ன் அவுட்' வருமே, வேலைச் சுமையிலேயே மனசும் உடம்பும் ஓய்ந்துபோவது, 1974இல் அதைப் பற்றி எழுதிய ஃப்ராய்டன்பெர்கர், பகலில் தன் சொந்த வேலையைப் பார்த்துவிட்டு ராத்திரி நியூயார்க்கில் ஒரு இலவச கிளினிக்கில் உழைத்த உளவியலாளர். கூட இருந்தவர்களைப் பார்த்து மட்டும் எழுதவில்லை, அவருக்கே வந்தது. பரீட்சைக்குப் படிக்கிற பிள்ளைகள் இந்த இடத்தைத் தாண்டிப் போய்விடுகிறீர்கள்.

ஷிஃப்ட் முடியும்போது ஹேண்டிங் ஓவர் கொடுக்கிறாயே, பெட் பெட்டாகப் போய் டிரிப் எவ்வளவு ஓடியிருக்கிறது, யூரின் எவ்வளவு, அடுத்த ஊசி எத்தனை மணிக்கு என்று எல்லாவற்றையும் அடுத்தவளிடம் சொல்லிவிட்டுத்தானே வெளியே வருகிறாய். மனசுக்கும் அப்படி ஒரு ஆள் வேண்டும், அதுவும் அன்றைக்கே. ரூம்மேட்டோ, உங்கள் மேடமோ, நானோ. நோயாளியின் பெயர், விவரம் எதுவும் வேண்டாம், உனக்கு என்ன ஆச்சு என்று சொன்னால் போதும். தெரிந்தவர்களிடம் பேசக் கூச்சமாக இருந்தால் 14416 இருக்கிறது, டெலி மானஸ் என்று அரசாங்கத்தின் மனநல உதவி எண், 24 மணி நேரமும் தமிழிலேயே பேசலாம், காசு கிடையாது. நோயாளிகளுக்கு எழுதிக் கொடுக்கிற நம்பர்தான், உன் போனில் இருக்கிறதா பார். ரெண்டு வாரம் ஆகியும் தூக்கம் வரவில்லை என்றால் மனநல ஓ.பி.க்குப் போய்விடு. துணைக்கு ஆள் வேண்டுமென்றால் சொல், கோவில்பட்டியிலிருந்து ராத்திரி பஸ் ஏறினால் காலையில் அங்கே இருப்பேன்.

பாத்ரூம் மோசம் என்று தண்ணீர் குடிக்காமல் நிற்காதே. நான் அப்படி நின்று யூரின் இன்ஃபெக்‌ஷனை வருஷா வருஷம் வாங்கினேன். ஷூ வாங்கப் போனால் சாயங்காலம் போ, கால் வீங்கியிருக்கும்போது போட்டுப் பார்த்தால்தான் அளவு சரியாக வரும்.

கடலை மிட்டாய் பார்சல் போட்டிருக்கிறேன். டூட்டிக்குக் கிளம்பும்போது பாக்கெட்டில் ரெண்டு வைத்துக்கொள், முழுசையும் ஹாஸ்டலுக்குப் பங்கு வைத்துவிடாதே. ஞாயிற்றுக்கிழமை கூப்பிடுகிறேன். சாப்பிட்டியா என்று கேட்க மாட்டேன், ஆச்சி என்னிடம் கேட்டதைத்தான் கேட்பேன்.

அம்மா