வேன் மீட்டர் சத்தம் பற்றி

அன்புள்ள குமாருக்கு,

உன் கடிதம் கிடைத்தது. அம்மாவுக்குக் கண் அறுவை சிகிச்சை நல்லபடியாக முடிந்ததில் நிம்மதி. சொட்டு மருந்தை வேளை தவறாமல் போடு. இங்கே எல்லோரும் சௌக்கியம். மகள் வேலைக்குச் சேர்ந்துவிட்டாள். காலையில் குளியலறைக்குச் சண்டை போட ஆளில்லை.

சரி, வேன் விஷயத்துக்கு வருகிறேன். ஸ்பீடாமீட்டர் கீச்சிடுகிறது, ஒர்க்‌ஷாப்பில் மீட்டரையே மாற்றச் சொல்கிறார்கள் என்று எழுதியிருந்தாய். அவசரப்படாதே. போன குளிர்காலத்தில் என் வேனும் இதே பாட்டைத்தான் பாடியது. காலையில் கிளம்பியதும் சிள்வண்டு மாதிரி ஆரம்பிக்கும். வேகம் கூடக்கூடச் சுருதியும் ஏறும். வண்டி சூடானதும் அடங்கிவிடும். முள் வேறு ஒரு இடத்தில் நிற்காமல் ஆடும். இப்படி இருந்தால் பெரும்பாலும் எங்கோ மசகு வறண்டு உரசுகிறது என்றுதான் அர்த்தம். அது கேபிளிலா மீட்டருக்குள்ளா என்று கண்டுபிடித்துவிட்டால் பாதி வேலை முடிந்தது.

உன் வண்டியில் மீட்டர் கேபிளில் ஓடுகிறது. கியர்பாக்ஸிலிருந்து ஒரு முறுக்குக் கம்பி உறைக்குள் சுழன்றபடி டேஷ்போர்டு வரை வரும். (பழைய வோக்ஸ்வேகன் வேன்களில் முன்சக்கரத்திலிருந்தே வரும்.) மீட்டருக்குள் அது ஒரு காந்தத்தைச் சுற்றுகிறது. காந்தத்தைத் தொடாமல் ஒரு அலுமினியக் கிண்ணம் அதன்மேல் கவிழ்ந்திருக்கும். காந்தம் சுற்றும்போது கிண்ணத்தில் சுழல் மின்னோட்டம் பிறந்து அதையும் கூடவே திருப்பப் பார்க்கும். ஒரு மெல்லிய சுருள்வில் அதை விடாமல் பின்னால் இழுக்கும். இரண்டு இழுப்பும் சமமாகும் இடத்தில் கிண்ணத்தோடு இணைந்த முள் நிற்கிறது. ஓட்டோ ஷூல்ட்ஸே என்பவர் 1902இல் காப்புரிமை வாங்கிய ஏற்பாடு இது. முள்ளுக்கும் கம்பிக்கும் நடுவே தொடர்பே இல்லாமல் வேகம் காட்டுகிறது பார், எனக்கு இன்னும் ஆச்சரியம் தீரவில்லை.

பேட்டரி வயரைக் கழற்றிவிட்டு டேஷ்போர்டுக்குப் பின்னால் கைவிடு. மீட்டரிலிருந்து கேபிளைப் பிரித்து, முனை எதிலும் படாமல் கட்டி வை. பேட்டரியை மாட்டிக் கொஞ்ச தூரம் ஓட்டிப் பார். சத்தம் நின்றால் கோளாறு மீட்டரில், நிற்காவிட்டால் கேபிளில்.

கேபிள் என்றால் உள்கம்பியை உருவித் துடைத்து மேஜைமேல் உருட்டு. சீராக உருண்டால் நல்லது. துள்ளினால் எங்கோ மடங்கியிருக்கிறது, கேபிளை மாற்றத்தான் வேண்டும். நன்றாக இருந்தால் மெல்லிசாக கிரீஸ் தடவிச் செருகு. ஆனால் மீட்டர் பக்கம் ஒரு சாண் நீளத்துக்குத் தடவாதே. முறுக்குக் கம்பி சுற்றச் சுற்ற கிரீஸை மேலே ஏற்றி மீட்டருக்குள் கொண்டுபோய்விடும். கம்பி வெளியே வரும்போதே எண்ணெயில் ஊறியிருந்தால், கியர்பாக்ஸ் பக்கம் எண்ணெய் கசியாமல் தடுக்கும் சீல் போய்விட்டது. முதலில் அதைப் பார்க்க வேண்டும். திரும்ப மாட்டும்போது கேபிளை எங்கும் நறுக்கென்று வளைக்காதே.

என் வண்டியில் சத்தம் மீட்டரிலிருந்து வந்தது. பின்புறம் கேபிள் மாட்டும் குழலுக்குள் டார்ச் அடித்துப் பார்த்தேன். சதுரத் துளையைச் சுற்றி, அச்சைத் தாங்கிச் சுழலவிடும் வளையமான புஷ்ஷில், பழைய கிரீஸ் பழுப்பாகப் பக்குக் கட்டியிருந்தது. அதை நெம்பி எடுத்துவிட்டு, மீட்டரைக் குப்புறப் பிடித்து, ஊசிமுனையில் தையல் மெஷின் எண்ணெய் ஒரு சொட்டு எடுத்து அச்சோரம் விட்டேன். இரவு முழுக்க அப்படியே வைத்து, மறுநாள் கசிந்ததைத் துடைத்து மாட்டினேன். அதற்குப்பின் சத்தமில்லை. உனக்குக் கை தாராளம் என்பதால் சொல்கிறேன், ஒரு சொட்டுக்கு மேல் வேண்டாம். எண்ணெய் கிண்ணம்வரை போனால் முள்ளையும் இழுத்துக்கொண்டு வேகத்தைக் கூட்டிக் காட்டும். துரு நீக்கும் ஸ்ப்ரேயும் வேண்டாம். இருக்கிற மசகையும் கழுவிவிடும். முள்ளை மட்டும் பிடுங்கிவிடாதே, மறுபடி சரியான இடத்தில் உட்கார வைப்பது பெரும்பாடு.

அதற்காக அப்படியே விட்டுவிடவும் கூடாது. புஷ் தேய்ந்து காந்தம் கிண்ணத்தில் உரசினால் முள் ஒரேயடியாகக் கடைசி எண்ணுக்குப் பாயும். அச்சு இறுகிப்போனால் கேபிள் அறுந்துவிடும். அப்படி ஆனால் ஒர்க்‌ஷாப்பில் சொன்னதுபோல மீட்டர் மாற்ற வேண்டியதுதான்.

கேபிளைக் கழற்றி ஓட்டியதில் என்ன தெரிந்தது என்று எழுது. அடுத்த மாதம் உன் பக்கம் வருகிறேன். அதுவரை சத்தத்தைப் பொறுத்துக்கொள்ள முடிந்தால் சேர்ந்தே கழற்றலாம், டார்ச் பிடிக்க இன்னொரு கை இருந்தால் நல்லதுதானே.

அன்புடன்,
சேகர்