கண்ணாடி இழையும் கம்பியும் ஒன்றல்ல

ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். கடந்த ஐப்பசி மழையில் கானாடுகாத்தானில் உள்ள எங்கள் பூர்வீக வீட்டின் பின்கட்டுச் சன்னலுக்கு மேலிருந்த சன்ஷேடு, ஒரு முழ நீளத்திற்குப் பெயர்ந்து விழுந்தது. சுண்ணாம்புக் காரையில் எழும்பிய பழைய சுவருக்கு ஒன்றும் ஆகவில்லை. 1950-களில் அப்பச்சி கூட்டிக் கட்டிய சிமெண்டு வேலைதான் உதிர்ந்தது. உள்ளிருந்த கம்பி அடையடையாக உரிந்து, விரல் பட்டாலே பொடியானது. இரும்பு துருவாக மாறும்போது பல மடங்கு பருத்துத் தன்னை மூடியிருக்கும் காங்கிரீட்டைப் பிளந்து தள்ளிவிடும்.

பழுதுபார்க்க வந்த ஒப்பந்தக்காரர் ஒரு சிறு பாக்கெட்டை எடுத்துக் காட்டி, "இனிமேல் கம்பியே வேண்டாம் அண்ணே, இந்தக் கண்ணாடி ஃபைபரைக் கலவையில் போட்டுவிட்டால் துருப்பிடிக்கிற பேச்சே இல்லை" என்றார். வாங்கிப் பின்புறம் திருப்பிப் பார்த்தேன். பாலிப்ரொப்பிலீன் என்று சிறிய எழுத்தில் இருந்தது. அது பிளாஸ்டிக் இழை. அவர் பொய் சொன்னதாக நான் நினைக்கவில்லை. கடையில் சொன்னதை நம்பி என்னிடம் சொன்னார். சிங்கப்பூரிலும் சென்னையிலும் இருக்கிற பங்காளிகள் தொலைபேசியிலேயே சம்மதம் சொல்லி வீட்டைப் பழுதுபார்க்கும் எங்கள் பகுதியில், இப்படிப்பட்ட பேச்சு எவ்வளவு எளிதில் எடுபடும் என்பதை எண்ணியே இதை எழுதுகிறேன்.

பாக்கெட்டில் வரும் துண்டு இழை, பிளாஸ்டிக்கோ கண்ணாடியோ, சிமெண்டு மூட்டைக்கு 100, 150 கிராம் அளவில் கலக்கப்படுவது. பூச்சும் தளமும் இறுகும் முதல் சில மணி நேரத்தில் விழும் மயிரிழை வெடிப்புகளைக் குறைக்க அது உதவும். ஆனால் சன்ஷேடு என்பது ஒரு பக்கம் மட்டும் பிடிமானத்தோடு வெளியே நீட்டிக்கொண்டிருப்பது. இழுவிசை முழுவதும் அதன் மேற்புறத்தில்தான் வரும். அந்த இடத்தில் வரிசையாக நின்று தாங்கவேண்டிய கம்பியின் வேலையை, திசைக்கொன்றாகச் சிதறிக் கிடக்கும் அரை அங்குல இழைகள் செய்யமாட்டா. (கம்பி போட்டாலும், காங்கிரீட் கொட்டும்போது ஆட்கள் மிதித்து அதை அடிக்கு இறக்கிவிடுவது தனிக்கதை.)

அடுத்தது, கண்ணாடி என்றால் எந்தக் கண்ணாடி என்ற கேள்வி. எங்கள் பகுதி ஆத்தங்குடியில் கண்ணாடிப் பலகையின் மேல் வண்ணச் சிமெண்டை ஊற்றித் தரையில் பதிக்கும் பூக்கல் வார்க்கிறார்கள். கல்லைத் தண்ணீரில் ஊறப்போட்ட பிறகு கண்ணாடி கழன்றுவிடும், பளபளப்பு மட்டும் கல்லில் தங்கும். அது சில நாள் உறவு. ஆயுள் முழுக்கச் சிமெண்டுக்குள்ளேயே புதைந்து கிடக்கும் மெல்லிய கண்ணாடி இழையின் நிலை வேறு. காங்கிரீட்டின் கடுமையான காரத்தன்மைதான் இரும்பைத் துருவிலிருந்து காக்கிறது; அதே காரம் சாதாரணக் கண்ணாடி இழையை அரித்துத் தின்றுவிடும். இந்தச் சிக்கலுக்கு 1960-களின் இறுதியில் பிரிட்டனின் கட்டட ஆராய்ச்சி நிலையத்தில் மஜும்தார் என்ற விஞ்ஞானியும் அவருடைய குழுவினரும் வழி கண்டார்கள். சிர்கோனியா என்ற உலோக ஆக்சைடு சேர்த்த, காரத்தைத் தாங்கும் கண்ணாடி இழை அப்படித்தான் 1970-களின் தொடக்கத்தில் சந்தைக்கு வந்தது. இன்றைக்கு அவ்வகை இழையில் சிர்கோனியா ஏறத்தாழ 16 சதவீதமோ அதற்கு மேலோ இருக்கவேண்டும் என்பது வழக்கம். கண்ணால் பார்த்து இதையும் சாதாரண இழையையும் பிரித்தறிய முடியாது. விற்பவர் எழுத்தில் தந்தால்தான் உண்டு.

அந்த இழையை எடையில் 3 முதல் 5 சதவீதம் வரை சேர்த்து, மெல்லிய மணலும் சிமெண்டுமாகத் தெளித்து வார்த்தால், 10 முதல் 15 மில்லிமீட்டர் கனத்திலேயே உறுதியான தகடுகள் கிடைக்கின்றன. அஜர்பைஜானின் பாகு நகரில் கட்டடக் கலைஞர் சகா ஹதீத் வடிவமைத்த ஹெய்தர் அலியேவ் மையத்தின் வெளிப்புறத்தில் இத்தகைய தகடுகள் உள்ளன. புதிய வீட்டுக்குச் செட்டிநாட்டு முகப்பு வேண்டும் என்பவர்கள் கார்னிசையும் (சுவர் உச்சியின் அலங்கார விளிம்பு) தூண் தலைப்பையும் இதில் வார்த்து மாட்டிக்கொள்ளட்டும். சுவருக்குப் பாரம் குறைவு. ஆனால் பழைய வீட்டு முகப்பின் கஜலட்சுமிச் சுதைக்கு மூக்கு உடைந்துவிட்டது என்பதற்காக அதைச் செதுக்கி எறிந்துவிட்டுத் தகடு மாட்டுவதை என்னால் ஏற்க முடியவில்லை. மேலும், சுண்ணாம்புச் சுவர் ஈரத்தை வாங்கி வெளியே விடுவது. அதன்மேல் சிமெண்டு குழைத்துத் தகட்டை அப்பினால் ஈரம் உள்ளே சிறைப்பட்டு உப்புப் பூக்கும்.

கம்பிக்கு மாற்று என்று உண்மையிலேயே சொல்லத்தக்கது, கண்ணாடி இழையைப் பிசினில் தோய்த்து இழுத்த தடி. அது துருப்பிடிக்காது, எடை இரும்பில் நான்கில் ஒரு பங்குதான், இழுவலிமையும் அதிகம். ஆனால் விறைப்பும் நான்கில் ஒரு பங்களவே என்பதால், அதே அளவுத் தடியை அப்படியே மாற்றிப்போட்டால் தளம் கூடுதலாகத் தொய்யும். கட்டுமிடத்தில் வளைக்க முடியாது, தொழிற்சாலையிலேயே வளைத்து வரவேண்டும். இரும்பு நீண்டு வளைந்து எச்சரிக்கும். இது சட்டென முறியும். நெருப்புப் பட்டால் பிசின் இளகிவிடும். ஆகவே இதற்குப் பொறியாளரின் தனிக்கணக்கு தேவை, மேஸ்திரியின் கைக்கணக்கு போதாது.

காரைக்குடியில் 1948-இல் அடிக்கல் நாட்டப்பட்டு 1953-இல் திறக்கப்பட்ட, நாங்கள் 'சிக்ரி' என்று அழைக்கும் மத்திய மின்வேதியியல் ஆராய்ச்சி நிறுவனம், கம்பி துருப்பிடிப்பதைத் தடுக்கும் வழிகளை நெடுங்காலமாக ஆராய்ந்து வருகிறது. சுற்றுவட்டாரக் கொத்தனார்களுக்கும் ஒப்பந்தக்காரர்களுக்கும் அந்நிறுவனம் தமிழில் ஒரு நாள் பயிற்சி நடத்தினால் பெரிய உபகாரமாக இருக்கும். பாக்கெட்டின் முன்புறத்திலேயே இழையின் வகையையும், 'இது கம்பிக்கு மாற்றன்று' என்ற வரியையும் தமிழில் அச்சிடச் செய்யும்படி தொடர்புடைய அதிகாரிகளையும் தங்கள் நாளிதழ் வாயிலாகக் கேட்டுக்கொள்கிறேன்.

எங்கள் சன்ஷேடுக்குப் புதுக்கம்பி கட்டி, கம்பியைத் தூக்கி நிறுத்தும் கவர் பிளாக் கட்டைகளை வைத்து, கம்பி மேற்புறத்தில்தான் நிற்கிறதா என்று நானே அளந்து பார்த்த பிறகு காங்கிரீட் போட்டிருக்கிறது. அந்த ஒப்பந்தக்காரர்தான் செய்தார். காங்கிரீட்டைத் தாங்கும் சென்ட்ரிங் பலகையைப் பிரிக்க இன்னும் பத்து நாள் இருக்கிறது.

இப்படிக்கு,
தங்கள் நெடுநாள் வாசகர்,
கானாடுகாத்தான், சிவகங்கை மாவட்டம்.