மாவு மிஷின் சத்தம் நின்ற கதை

அன்புள்ள நண்பா,

உன் மகள் பத்தாம் வகுப்பு முடித்துவிட்டாள் என்று நீ எழுதியிருந்ததை அம்மாவிடம்தான் முதலில் படித்துக் காட்டினேன். நம்ப மறுத்துவிட்டார். அவர் மனதில் அவள் இன்னும் கைக்குழந்தைதான்.

அம்மா இப்போது நலம். மாலை ஆனால் என் பழைய லேப்டாப்பில் சொற்பொழிவு கேட்க உட்கார்ந்துவிடுவார். போன மாதம் ஒருநாள், "மடியில வச்சா சுடுதுடா, மாவு மிஷின் மாதிரி இரையுது வேற" என்றார். சங்கடமாகிவிட்டது. அதில் டெபியன் என்ற லினக்ஸ் இயங்குதளத்தைப் போட்டுக் கொடுத்தவன் நான்தானே.

பார்த்தால், வீடியோ ஓடும்போது சிபியு, அதாவது மையச் செயலி, 70 சதவீதத்தில் நிற்கிறது. இன்டெல் ஏழாம் தலைமுறைச் சில்லு அது. எச்264, எச்இவிசி (எச்265 என்பதும் இதுதான்), விபி9 எல்லாம் வீடியோவைச் சுருக்கி அனுப்பும் முறைகள், கோடெக் என்பார்கள். இந்த மூன்றையும் விரிப்பதற்கென்றே, அதாவது டிகோடிங்குக்கென்றே, தனிச் சுற்று உள்ளே இருக்கிறது. அந்தச் சுற்று சும்மா கிடக்க, சிபியு மாடாய் உழைத்துக்கொண்டிருந்தது.

லினக்ஸில் சில்லு இருந்தால் மட்டும் போதாது. இயங்குதளத்தின் கருவான கெர்னல், அதற்கு மேல் அந்தச் சுற்றோடு பேசும் விஏ-ஏபிஐ டிரைவர், அப்புறம் வீடியோவைக் கையாளும் எஃப்எஃப்எம்பெக் என்ற மென்பொருள், கடைசியில் பிரவுசர், எல்லாம் சேர வேண்டும். இதில் ஒரு கண்ணி அறுந்தாலும் வேலை சத்தமில்லாமல் சிபியு தலையில் விழும். படம் ஓடும், பிழைச்செய்தி வராது, சூடு மட்டும்தான் அடையாளம். டிஸ்க்கில் இடம் மிச்சம் பிடிக்கிறேன் என்று, டெபியன் பரிந்துரைக்கும் கூடுதல் மென்பொருள் தொகுப்புகளை நான் விட்டுவிட்டதில் டிரைவரும் போய்விட்டது. அதை நிறுவி, டெர்மினலில் விஏஇன்ஃபோ என்று அடித்துப் பார்த்தேன். ஒவ்வொரு கோடெக்கின் எதிரேயும் விஎல்டி என்று வந்தது. அப்படி வந்தால் டிகோடிங் உண்டு என்று பொருள்.

ஆனாலும் ஃபயர்பாக்ஸில் சூடு குறையவில்லை. இரண்டு நாள் மண்டையைப் பிய்த்துக்கொண்டேன். காரணம், யூடியூப் அனுப்பியது ஏவி1 என்ற வேறொரு கோடெக். அந்தத் தலைமுறை இன்டெலில் ஏவி1-க்குச் சுற்றே கிடையாது. அமைப்புகளில் ஏவி1-ஐ நிறுத்தினேன், தளம் விபி9 அனுப்பத் தொடங்கியது, சிபியு 15-க்கு இறங்கியது. காப்புரிமைக் கட்டணம் வேண்டாம் என்றே 2018-இல் வெளியிடப்பட்ட கோடெக் ஏவி1. அதை என் கையாலேயே நிறுத்த வேண்டி வந்தது மனதுக்குக் கஷ்டமாகத்தான் இருந்தது. ஆனால் அம்மாவின் மடி அதைவிட முக்கியம்.

சரி, உன் கேள்விக்கு வருகிறேன். ஏஎம்டி சில்லு உள்ள லேப்டாப்பில் ஃபெடோரா என்ற லினக்ஸைப் போடலாமா என்று கேட்டிருந்தாய். தாராளமாகப் போடு, ஒன்றை மட்டும் தெரிந்துகொண்டு போடு. 2022-இல் ஃபெடோரா, கிராபிக்ஸ் டிரைவர்கள் அடங்கிய தன் மெசா தொகுப்பிலிருந்து எச்264, எச்265 வன்பொருள் டிகோடிங்கை, அதாவது சில்லின் சுற்றே விரிக்கும் வசதியை, எடுத்துவிட்டது. ஓபன்சூசே என்ற இன்னொரு லினக்ஸும் அப்படியே செய்தது. நிரலில் குறை எதுவும் இல்லை, காப்புரிமைதான் காரணம். சில்லுக்குக் காசு கொடுத்து வாங்கிவிட்டோம், இனி என்ன உரிமம் என்றுதான் நானும் நினைத்திருந்தேன். சில்லோடு உரிமம் சேர்ந்து வருவதில்லை. மென்பொருளோடு சேர்த்து முழுதாக மக்கள் கையில் கொடுப்பவரிடம் அந்தப் பொறுப்பு போய்ச் சேரலாம் என்பதுதான் அவர்கள் பயம். ஃபெடோராவுக்குப் பின்னால் ரெட்ஹாட் என்ற அமெரிக்க நிறுவனம் இருக்கிறது, வழக்கு வந்தால் பணம் கேட்க ஆள் உண்டு. டெபியனும் ஆர்ச் என்ற லினக்ஸும் எடுக்கவில்லை. ஃபெடோராவைக் குறை சொல்ல எனக்கு மனம் வரவில்லை. கோபமெல்லாம், 2003-இல் வந்த எச்264-க்கு இன்னும் கணக்குக் கேட்கும் ஏற்பாட்டின் மீதுதான்.

நீ செய்ய வேண்டியது கொஞ்சம்தான். ஃபெடோரா தராத தொகுப்புகளைத் தரும் ஆர்பிஎம் ஃப்யூஷன் என்ற வெளிக் களஞ்சியத்தைச் சேர்த்து, ஃப்ரீவேர்ல்ட் என்று பெயர் முடியும் மெசா டிரைவரைப் போடு. எஃப்எஃப்எம்பெக்கையும் அங்கிருந்தே எடுத்துக்கொள். ஃபயர்பாக்ஸ் இன்டெலுக்கு 2023-இல் 115-ஆம் பதிப்பிலும், ஏஎம்டிக்கு 2025-இல் 136-ஆம் பதிப்பிலும் வன்பொருள் டிகோடிங்கைத் தானாகவே இயக்கிவிட்டது, அதனால் புதுப் பதிப்பு வைத்திரு. எம்பிவி என்ற வீடியோ பிளேயரில் மட்டும் அதை நீயே இயக்க வேண்டும். உன்னுடையது ஏஎம்டியின் ரைசன் 6000 வரிசைச் சில்லு என்றாயே, அதில் ஏவி1-க்கும் சுற்று உண்டு. நீ எதையும் நிறுத்த வேண்டியதில்லை.

நிறுவியதும் விஏஇன்ஃபோ காட்டுவதை அப்படியே எனக்கு அனுப்பு, சேர்ந்து பார்ப்போம். அம்மா பக்கத்து அறையில் சொற்பொழிவு கேட்டுக்கொண்டிருக்கிறார். இங்கிருந்து கேட்டால் பேசுபவர் குரல் மட்டும்தான் வருகிறது.

அன்புடன்,
உன் பழைய அறைத்தோழன்