குவாஜலின் வரை கூட வந்தவர்களுக்கு

எல்லோருக்கும் வணக்கம்.

இரண்டாம் உலகப் போரின் பசிபிக் போரை ஆடும் 'வார் இன் த பசிபிக்: அட்மிரல்ஸ் எடிஷன்' என்ற கணினி ஆட்டத்தில் நான் அமெரிக்கப் பக்கம்; ஜப்பான் வசமிருந்த மார்ஷல் தீவுகளின் குவாஜலின் பவளத்தீவு ஒருவழியாக என் கைக்கு வந்துவிட்டது. ஒரு டர்ன் ஒரு நாள், மேப்பில் ஒரு கட்டம் 40 கடல் மைல் என்று ஓடுகிற ஆட்டம் இது. இதில் கடல்வழியே தீவில் படையை இறக்கும் பெரிய தரையிறக்கத்தைத் தனியாளாகத் திட்டமிட முடியும் என்று யாராவது சொன்னால் நான் நம்பமாட்டேன்.

முதல் நன்றி அண்ணனுக்கு. வோட்ஜே, மலோயலாப் என்று ஓரத்துத் தீவுகளை ஒவ்வொன்றாகப் பிடிப்பதா, நேரே குவாஜலினுக்குப் போவதா என்று நான் ஊசலாடிக்கொண்டிருந்தேன். நிஜப் போரில் அமெரிக்க பசிபிக் கப்பற்படைத் தளபதி நிமிட்ஸ் நேரே போகச் சொன்னபோது அவருக்குக் கீழிருந்த தளபதிகள் ஸ்புரூயன்ஸ், டர்னர், ஹாலண்ட் ஸ்மித் மூவருமே ஒத்துக்கொள்ளவில்லை, ஆனாலும் 1944 ஜனவரி 31 அன்று அங்கேதான் போனார்கள் என்று அண்ணன் விளக்கினார். "எதுவானாலும் இன்றைக்கே முடிவு பண்ணு" என்றும் சொன்னார். அதுதான் பெரிய உதவி. ஆட்டத்தில் ஒரு டிவிஷன் (பெரிய படைப்பிரிவு) தன் இலக்குக்காகச் சேர்க்கும் தயாரிப்புப் புள்ளிகள் நாளுக்கு ஏறக்குறைய ஒன்று என்றுதான் ஏறும். 100-ஐத் தொட மூன்று மாதத்துக்கு மேல் ஆகும். நடுவில் இலக்கை மாற்றினால் எல்லாம் பூஜ்யம்.

அடுத்து சித்தப்பா. அவர் இந்த ஆட்டத்தை ஆடியதே இல்லை. துறைமுகத்தில் சரக்கு ஏற்றுவதை மேற்பார்த்தவர். என் கப்பல் பட்டியலைப் பார்த்ததும் அவர் கேட்ட ஒரே கேள்வி, "கரையில் முதலில் எது வேண்டும்?" கடைசியில் ஏற்றியதுதான் முதலில் இறங்கும். போருக்கு ஏற்றும்போது சண்டைக்கு வேண்டிய வரிசைதான் முக்கியம், இடம் வீணானால் ஆகட்டும். ஆட்டத்தில் தரையிறக்க டாஸ்க் ஃபோர்ஸில் (அந்த வேலைக்கென்று சேர்க்கும் கப்பல் கூட்டத்தில்) ஏற்றினால் அதே கப்பலில் ஏன் குறைவாகக் கொள்கிறது என்ற என் புலம்பல் அதோடு நின்றது. 1942 ஆகஸ்டில் அமெரிக்கப் படை இறங்கிய குவாடல்கனால் தீவில், பக்கத்தில் நடந்த சாவோ தீவுக் கடற்சண்டைக்குப் பிறகு, சரக்கு முழுதும் இறங்குமுன்பே கப்பல்கள் கிளம்பிவிட்ட கதையை அவருக்கு நான் சொன்னேன். "அதற்குத்தான் சொன்னேன்" என்றார்.

எக்செல் தாளில் எண்ணெயும் குண்டும் கணக்குப் போட்டுத் தந்த தம்பிக்குத் தனி நன்றி. ஆட்டத்தில் பவளத்தீவில் இறங்கிய படை உடனே ஷாக் அட்டாக்கில், அதாவது முழு மூச்சான நேரடித் தாக்குதலில், பாய்ந்துவிடும், மூச்சு வாங்க விடாது. அதனால் போர்க்கப்பல்கள் முன்கூட்டியே போய்த் தீவின் ஜப்பானியக் காவல்படையை அடித்து நொறுக்கியாக வேண்டும். சுட்டுத் தீர்ந்த கப்பல் மறுபடி குண்டு நிரப்ப முத்துத் துறைமுகம் வரை திரும்பினால் வேலைக்கு ஆகாது. மார்ஷல் தீவுகளிலேயே உள்ள மஜுரோவை முதலில் பிடித்து, வெடிமருந்துக் கப்பல்களை அங்கே நிறுத்து என்றது தம்பிதான். நிஜத்திலும் எதிர்ப்பே இல்லாமல் கிடைத்த அந்தக் கடற்காயல்தான் அமெரிக்கக் கப்பற்படைக்கு நங்கூரமிடும் இடமானது.

தராவா பவளத்தீவில் நடந்த நிஜத் தரையிறக்கத்தைப் பற்றி இரவில் உட்கார்ந்து சொன்ன அக்காவுக்கும் நன்றி. 1943 நவம்பர் 20 அன்று பாறைத்திட்டின் மேல் தண்ணீர் போதாமல் படகுகள் நின்றுவிட, அமெரிக்க வீரர்கள் துப்பாக்கிச் சூட்டுக்கு நடுவே தண்ணீரில் நடந்தே கரைக்குப் போனார்கள். அதைக் கேட்டபின் திரையில் வரும் இழப்பு எண்களைச் சட்டென்று தள்ளிவிட முடியவில்லை.

கடைசியாக, ஜப்பானை ஆடும் நண்பருக்கு. தோற்கிற பக்கத்தில் இருந்துகொண்டும் டர்னைத் தாமதிக்காமல் அனுப்புகிறீர்கள். என் துருப்புக் கப்பலை மூழ்கடித்த அந்த நீர்மூழ்கியை மட்டும் மன்னிக்க மாட்டேன். நீங்களும் இதைப் படிப்பீர்கள் என்பதால் அடுத்த இலக்கைப் பற்றி இங்கே ஒரு வார்த்தையும் எழுதவில்லை.