அடிபடுவது சாரை, கடிப்பது விரியன்

ஆசிரியர் அவர்களுக்கு வணக்கம்.

ஐப்பசி மழை தொடங்கிவிட்டால் நாளிதழ்களின் மாவட்டப் பக்கங்களில் ஒரு செய்தி தவறாமல் வருகிறது. ‘வீட்டுக்குள் புகுந்த கொடிய பாம்பு பிடிபட்டது’ என்று தலைப்பு இருக்கும். படத்தைப் பார்த்தால் தீயணைப்பு வீரர் கையில் இருப்பது ஏழெட்டு அடி நீளச் சாரை. சாரைக்கு விஷமே கிடையாது. அதைப் பிடித்து உயிரோடு கொண்டுபோய் விட்டவர்களுக்கு நாம் நன்றி சொல்ல வேண்டும். ஆனால் அந்தத் தலைப்பைப் படித்த வீட்டில் அடுத்த முறை சாரை வந்தால் தீயணைப்பு நிலையத்துக்குப் போன் போகாது, கையில் தடிதான் ஏறும். அதனால்தான் இந்தக் கடிதம்.

நான் செய்யாறு பக்கத்துக் கிராமத்தில் இருப்பவன். மாட்டுக் கொட்டகை, வைக்கோல் போர், விறகு அடுக்கு, நெல் மூட்டை எல்லாம் இங்கே வீட்டை ஒட்டியேதான் இருக்கும். நெல் இருந்தால் எலி வரும், எலி இருந்தால் பாம்பு வரும். எங்கள் தெருவில் அடிபட்டுச் சாகிறவற்றில் முக்கால்வாசி சாரையும் தண்ணீர்ப் பாம்பும்தான். பகலில் நடமாடுகிற பாம்பு என்பதால் சாரை சுலபமாகக் கண்ணில் படுகிறது. உருவமும் பெரியது, விரட்டினால் வேகமாக ஓடும், எல்லோரும் பயந்துவிடுகிறார்கள். சாரைதான் நல்ல பாம்புக்கு ஆண் என்ற நம்பிக்கை வேறு. இரண்டு சாரைகள் பின்னிக்கொண்டு எழுவதைப் பார்த்து அவை இணை சேர்கின்றன என்று பெரியவர்கள் துணி போடுவார்கள். உண்மையில் அது இரண்டு ஆண் சாரைகள் மல்லுக்கட்டுவது.

தூங்குகிறவரைக் கடிக்கிற பாம்பு வேறு. அது கட்டுவிரியன். பகலில் செங்கல் குவியலிலோ கரையான் புற்றிலோ எலி வளையிலோ சுருண்டு கிடக்கும், யார் கண்ணிலும் படாது. இருட்டிய பிறகு இரை தேடி வெளியே வரும். திண்ணையிலோ தாழ்வாரத்திலோ பாய் விரித்துப் படுத்திருப்பவர் புரண்டு படுக்கும்போது கடித்துவிடும். பல் மிகச் சிறியது. பெரும்பாலும் வலியோ வீக்கமோ இருக்காது. ஏதோ எறும்பு கடித்தது என்று நினைத்துத் திரும்பவும் தூங்கிவிடுவார்கள். காலையில் தேடினாலும் கடிவாய் தெரியாமல் போகலாம். விடியற்காலையில் வயிற்று வலி, வாந்தி. ராத்திரி சாப்பிட்டது சேரவில்லை என்று வீட்டில் சுக்குக் கஷாயம் வைப்பார்கள். அப்புறம் கண் இமை தொங்கும், பேச்சு குழறும், மூச்சுத் தசைகள் ஓய்ந்துபோகும். எங்கள் உறவில் ஒரு பெண் இப்படித்தான் போனாள். கடித்தது பாம்பு என்று புரிவதற்குள் நேரம் கடந்துவிட்டது. இரண்டு சின்னப் பிள்ளைகள் அவளுக்கு.

2000 முதல் 2019 வரை இந்தியாவில் பாம்புக்கடியால் இறந்தவர்கள் சுமார் 12 லட்சம் பேர் என்று ஆய்வாளர்கள் கணக்கிட்டிருக்கிறார்கள். ஆண்டுக்குச் சராசரியாக 58,000 பேர். அதில் மிகப் பெரும்பாலோர் கிராமத்து மக்கள். உலக சுகாதார நிறுவனம் 2017-இல் பாம்புக்கடியைப் புறக்கணிக்கப்பட்ட வெப்பமண்டல நோய்களின் பட்டியலில் சேர்த்தது. தமிழக அரசும் 2024 நவம்பரில் இதை அறிவிக்கை செய்ய வேண்டிய நோயாக்கியது. இனி தனியார் மருத்துவமனைகளும் கணக்குக் கொடுத்தாக வேண்டும். நல்ல முடிவு, மனதார வரவேற்கிறேன். கணக்கு சரியாக வந்தால்தான் எந்த ஊருக்கு எவ்வளவு மருந்து வேண்டும் என்பது தெரியும்.

அந்த மருந்து எங்கிருந்து வருகிறது என்பதையும் எழுதுங்கள். பாம்பின் விஷத்தைச் சிறிது சிறிதாகக் குதிரைக்குச் செலுத்தி, அதன் ரத்தத்தில் உருவாகும் எதிர்ப்பொருளிலிருந்துதான் விஷமுறிவு மருந்து செய்கிறார்கள். விஷத்துக்குப் பாம்பு உயிரோடு வேண்டும். மாமல்லபுரம் பக்கத்தில் வடநெம்மேலியில் 1978-இல் தொடங்கிய இருளர் பாம்புபிடிப்போர் கூட்டுறவுச் சங்கம்தான் நெடுங்காலமாக நாட்டுக்கே அந்த விஷத்தை எடுத்துக் கொடுக்கிறது. எடுத்தபின் பாம்பைத் திரும்பக் காட்டில் விட்டுவிடுகிறார்கள். 2023-இல் வடிவேல் கோபால், மாசி சடையன் என்ற இரண்டு இருளர்களுக்குப் பத்மஸ்ரீ கிடைத்தபோது எனக்கு அவ்வளவு சந்தோஷம்.

நல்ல பாம்பு, கட்டுவிரியன், கண்ணாடி விரியன், சுருட்டை விரியன் நான்குக்கும் ஒரே மருந்துதான். இது எங்கள் ஊரில் பலருக்குத் தெரியாது. கடித்த பாம்பைக் காட்டினால்தான் வைத்தியம் என்று நினைத்து, அதைத் தேடி அடித்துப் பையில் போட்டு எடுத்துப் போகிறார்கள். அதற்குள் அரை மணி நேரம் வீணாகிறது, சில சமயம் அடிக்கப் போனவரும் கடிபடுகிறார். கயிற்றால் இறுக்கிக் கட்டுவது, பிளேடால் கீறுவது, வாயால் உறிஞ்சுவது எதுவும் வேண்டாம். கடிபட்டவரை நடக்கவிடாமல், கை கால் அசையாமல் வைத்து, 108-ஐக் கூப்பிட்டு நேராக மருத்துவமனைக்குப் போக வேண்டும்.

வீட்டைச் சுற்றிப் பூண்டு கரைசல் தெளிப்பது, பெருங்காயம் வைப்பது, சிறியாநங்கை நடுவது எல்லாம் ஊருக்கு ஊர் நடக்கிறது. இவற்றை நம்பித் தரையில் படுப்பதுதான் ஆபத்து. கட்டிலும் கொசுவலையும் போதும். வலையின் ஓரத்தைப் பாய்க்கு அடியில் நன்றாகச் செருகிவிட்டால் கட்டுவிரியன் உள்ளே வராது, கொசுவும் வராது. தரையில் படுத்தே ஆக வேண்டியவர்களுக்கும் இது பொருந்தும். ராத்திரி கொல்லைக்குப் போனால் டார்ச் எடுத்துப் போக வேண்டும். விறகையும் செங்கல்லையும் சுவரை ஒட்டி அடுக்கக் கூடாது. கொசுவலை வாங்க முடியாத குடும்பங்களுக்கு ஊராட்சியே வாங்கிக் கொடுத்தால் எத்தனையோ உயிர் பிழைக்கும்.

உங்களிடம் ஒரு வேண்டுகோள். இந்த மழைக்காலத்துக்குள் அந்த நான்கு பாம்புகளின் வண்ணப் படங்களையும் சாரையின் படத்தையும் ஒரே பக்கத்தில், வெட்டிச் சுவரில் ஒட்டுகிற அளவில் போடுங்கள். பாம்பு பிடிபட்ட செய்தியில் அது என்ன பாம்பு, விஷம் உண்டா இல்லையா என்று நிருபர்கள் வனத்துறையிடம் கேட்டு எழுதட்டும். படத்துக்குக் கீழே, தரையில் படுத்துத் தூங்கியவருக்கு விடியற்காலையில் வயிற்று வலியும் இமை தொங்கலும் வந்தால், கடிவாய் தெரியாவிட்டாலும் உடனே மருத்துவமனைக்குக் கொண்டுபோய், ‘தரையில் படுத்திருந்தார்’ என்பதை மருத்துவரிடம் முதலில் சொல்லுங்கள் என்று பெரிய எழுத்தில் அச்சிடுங்கள்.

இப்படிக்கு,
செய்யாறு வட்டத்திலிருந்து ஒரு வாசகர்