குற்றம் சாட்டிய அதே பக்கத்தில் திருத்தமும் வரட்டும்: ஊடக ஆசிரியர்களுக்கு ஒரு திறந்த மடல்

இலங்கையின் நாளிதழ்களையும் தொலைக்காட்சிச் செய்திப் பிரிவுகளையும் நடத்தும் ஆசிரியர்களுக்கு,

மதிப்புக்குரியவர்களே,

உயிர்த்த ஞாயிறு தாக்குதலின் நினைவு நாளை ஒட்டி இந்த ஆண்டும் நீங்கள் சிறப்புப் பக்கங்கள் வெளியிட்டீர்கள். கட்டுவாப்பிட்டிய புனித செபஸ்தியார் ஆலயத்திலும், கொச்சிக்கடை புனித அந்தோனியார் ஆலயத்திலும், மட்டக்களப்பு சீயோன் தேவாலயத்திலும், கொழும்பு ஹோட்டல்களிலும் 2019 ஏப்ரல் 21 அன்று உயிரிழந்த 250க்கும் மேற்பட்டோரின் குடும்பங்கள் இன்னும் நீதிக்காகக் காத்திருப்பதை அந்தப் பக்கங்கள் எழுதின. எழுத வேண்டியதுதான், அந்தக் குடும்பங்களுக்குக் கிடைக்க வேண்டிய நீதியை விட என் குறை பெரியது என்று நான் ஒருபோதும் சொல்லமாட்டேன். ஆனால் அதே வாரத்தில் ஒரு தொலைக்காட்சிக் கலந்துரையாடலில் நெறியாளர் ஒருவர், குருநாகல் வைத்தியர் விவகாரத்தில் உண்மை எது என்று இன்றுவரை தெரியாது என்று போகிற போக்கில் சொல்லிவிட்டு அடுத்த கேள்விக்குப் போய்விட்டார். சுற்றியிருந்த நால்வரில் ஒருவரும் குறுக்கிட்டுத் திருத்தவில்லை. இத்தனை ஆண்டுகள் கழித்தும் அந்தப் பொய் சந்தேகம் என்ற பெயரில் வீட்டுக்கூடத்துக்குள் வந்து உட்கார்ந்திருப்பதைப் பார்த்த பிறகுதான் இந்த மடலை எழுதத் துணிந்தேன்.

விவகாரம் உங்களுக்குப் புதிதல்ல. 2019 மே 23 அன்று ஒரு சிங்கள நாளிதழ், முஸ்லிம் வைத்தியர் ஒருவர் 4000 சிங்கள பௌத்தத் தாய்மாருக்கு சிசேரியன் சத்திரசிகிச்சையின்போது அவர்கள் அறியாமலே கருத்தடை செய்துவிட்டார் என்று முதல் பக்கத்தில் எழுதியது. மறுநாளே, அந்தச் செய்தி குறிவைத்த குருநாகல் வைத்தியசாலை வைத்தியர் ஷாபி கைது செய்யப்பட்டார். பயங்கரவாதத் தடைச் சட்டத்தின் கீழ் தடுத்து வைக்கப்பட்ட அவர், ஜூலை 25 அன்றுதான் பிணையில் வெளியே வந்தார். அதற்கிடையில் நூற்றுக்கணக்கான பெண்கள் முறைப்பாடு கொடுத்தார்கள். அந்தக் குற்றச்சாட்டுக்குச் சான்று எதுவும் இல்லை என்று குற்றப் புலனாய்வுத் திணைக்களம் நீதிமன்றத்தில் அறிக்கை சமர்ப்பித்தது. குற்றச்சாட்டை நாடே படித்தது; அந்த அறிக்கையைத் தேடிப் படித்தவர்கள் மட்டும்தான் படித்தார்கள்.

அந்த மே மாதம், முஸ்லிமான நான் வடமேல் மாகாணத்தில் ஓர் அரச வைத்தியசாலையின் மகப்பேற்று விடுதியில் தாதியாகக் கடமையில் இருந்தேன். செய்தி வந்து இரண்டொரு நாளில், பிரசவித்து ஒரு நாள் நிறையாத ஒரு தாயின் பிள்ளைக்கு பீ.சீ.ஜி. எனும் காசநோய்த் தடுப்பூசி போடுவதற்காகத் தட்டை எடுத்துக்கொண்டு கட்டிலருகே போனேன். முந்தின இரவு வலி எடுத்த நேரம் முழுவதும் என் கையைப் பிடித்துக்கொண்டிருந்த அதே பெண், பிள்ளையைத் துவாயால் சுற்றி மார்போடு சேர்த்துக்கொண்டு, "மிஸ் வேண்டாம், மற்ற மிஸ் வரட்டும்" என்று சிங்களத்தில் மெதுவாகச் சொன்னார். குரலில் வெறுப்பு இல்லை, பயம் மட்டுமே இருந்தது. கட்டிலை ஒட்டியிருந்த சிறிய அலுமாரியில், சுடுதண்ணீர்ப் போத்தலுக்குக் கீழே அந்த நாளிதழ் மடித்து வைக்கப்பட்டிருந்தது. தலைப்பு மட்டும் வெளியே தெரிந்தது. என்னோடு வேலை செய்த சிங்களத் தாதி வந்து ஊசியைப் போட்டார். மருந்தும் ஊசியும் தட்டும் அதேதான், பிடித்த கை மட்டும் வேறு.

அந்தத் தாயின் மீது எனக்கு அன்றும் கோபம் வரவில்லை, இன்றும் இல்லை. பெற்ற பிள்ளையின் உடம்பில் ஊசி இறங்கப்போகும் நேரத்தில், நாட்டின் பெரிய பத்திரிகை ஒன்று அச்சிட்டுச் சொன்னதை நம்பாமல் என் முகத்தை நம்ப வேண்டும் என்று அவரிடம் எதிர்பார்ப்பது நியாயமாகாது. சில நாள்களில் பொறுப்புத் தாதி என்னைப் பதிவேட்டு வேலைக்கு மாற்றினார். உங்கள் நன்மைக்குத்தான் என்றார், அவர் மனதறிந்து சொன்னதும் அதைத்தான். ஆனால் எத்தனையோ பிள்ளைகளை முதலில் கையில் ஏந்திய ஒருத்தி, பிள்ளை அழும் சத்தம் கேட்டும் எழுந்து போகாமல் பதிவேட்டின் முன்னால் உட்கார்ந்திருப்பது எப்படி இருக்கும் என்பதை, மன்னிக்க வேண்டும், அந்தத் தலைப்பை எழுதிய கைக்கு யாராவது சொல்லியாக வேண்டும். கிளினிக் நாள்களில் அபாயா அணிந்த கர்ப்பிணிகளின் வரவும் குறைந்தது. பஸ்ஸில் ஏற அஞ்சி, திகதி தவறி, இரத்த அழுத்தம் கூடிய நிலையில் வந்து சேர்ந்தவர்களை நானே பார்த்தேன். தாயையும் சேயையும் காப்பாற்றும் பணியில் இந்த நாடு பல பத்தாண்டுகளாகச் சேர்த்துவைத்த நம்பிக்கையில் ஒரு பங்கு அந்த வாரங்களில் கரைந்து போனது.

ஒரு சிசேரியன் சத்திரசிகிச்சை எப்படி நடக்கிறது என்பதை எந்தத் தாதியிடம் கேட்டிருந்தாலும் சொல்லியிருப்பார். சத்திரசிகிச்சை நிபுணரோ வைத்தியரோ தனியாக நிற்பதில்லை. எதிர்ப்புறத்தில் உதவி வைத்தியர், தலைமாட்டில் மயக்க மருந்து வைத்தியர், கருவிகளை எண்ணி எடுத்துக் கொடுக்கும் தாதி, பிள்ளையை வாங்கிக்கொள்ள மருத்துவிச்சி, கூடவே சிற்றூழியர்கள் என்று அத்தனை பேரும் அந்த விளக்கு வெளிச்சத்தில் ஒரே வயிற்றைப் பார்த்துக்கொண்டுதான் நிற்பார்கள். அதற்குள் ஒருவர் யாருக்கும் தெரியாமல் கருமுட்டை செல்லும் பலோப்பியன் குழாய்களை நசுக்கினார், ஒரு முறை இரண்டு முறை இல்லை, 4000 முறை நசுக்கினார் என்றால், அத்தனை ஆண்டுகளாக அந்தக் கூடத்தில் நின்ற சிங்களத் தாதிமார் அனைவரும் குருடர்களாகவோ கூட்டாளிகளாகவோ இருந்திருக்க வேண்டும். தலைப்பை அச்சுக்கு அனுப்புமுன் ஒரே ஒரு தொலைபேசி அழைப்பு போதும். அந்த ஒரு அழைப்பும் இல்லாமல் எழுதப்பட்ட செய்தியைத்தான், எங்களில் ஒருவருக்கு எதிரானது என்பதால், மற்ற ஊடகங்களும் கேள்வி கேட்காமல் சுமந்து சென்றன.

அந்தச் செய்தி வெறும் காற்றில் வந்து விழவில்லை. அதற்கு முன்பே, மே 12 முதல் 14 வரை குருநாகல், கம்பஹா, புத்தளம் மாவட்டங்களில் எங்கள் கடைகளும் பள்ளிவாசல்களும் எரிந்தன. மினுவாங்கொடையில் கடைகள் சாம்பலாயின. கொட்டாரமுல்லையில் ஒரு தச்சுத் தொழிலாளி தன் பட்டறையிலேயே கொல்லப்பட்டார். ஹசலக்கயில் ஒரு பெண், ஆடையில் அச்சிட்டிருந்த கப்பல் சுக்கான் சக்கரம் பௌத்தர்களின் புனிதச் சின்னமான தர்மச்சக்கரமாகத் தெரிந்ததால் சிறைக்குப் போனார். தேடுதலில் கிடைத்தவை என்று காய்கறி வெட்டும் கத்திகளையும் அரபு எழுத்துப் புத்தகங்களையும் மேசையில் பரப்பி நீங்கள் படம் காட்டிய நாள்களில், ஓத வேண்டிய கிதாபுகளை, எங்கள் மார்க்க நூல்களை, சாக்கில் கட்டிப் புதைத்த வீடுகள் எங்கள் ஊரிலேயே உண்டு. ஜூன் மாதத்தில் பௌத்த உயர்பீடங்களில் ஒன்றான அஸ்கிரியவின் மகாநாயக்க தேரரே தம் பிரசங்கத்தில் முஸ்லிம் கடைகளில் உண்ண வேண்டாம் என்று சொன்னபோது, கருத்தடைக் கதையும் அதே பிரசங்கத்தில் இடம்பெற்றது. உங்கள் தலைப்பு எவ்வளவு உயரமான இடம் வரை போய் அமர்ந்தது என்பதற்கு வேறு சாட்சி தேவையில்லை.

இன்னொன்றையும் சொல்லாமல் இருக்க முடியவில்லை. உயிர்த்த ஞாயிறு தாக்குதலுக்குத் தலைமை தாங்கிய சஹ்ரானைப் பற்றி முதலில் முறைப்பாடு செய்தவர்கள் அவனுடைய ஊரான காத்தான்குடி முஸ்லிம்களே. அவனுடைய ஆட்கள் அங்கு வேறொரு முஸ்லிம் தரப்போடு மோதிய 2017 மார்ச்சுக்குப் பின் அவனுக்குப் பிடியாணை இருந்தது. 2019 ஏப்ரல் 4ஆம் திகதியே இந்தியாவிலிருந்து தாக்குதல் பற்றிய எச்சரிக்கை வந்தது. கடமை தவறியவர்கள் யார் என்பதை 2023 ஜனவரி 12 அன்று உயர் நீதிமன்றம் சொல்லியது. முன்னாள் ஜனாதிபதி மைத்திரிபால சிறிசேன 10 கோடி ரூபாய் நட்டஈடு செலுத்த வேண்டும் என்று தீர்ப்பளித்தது. குற்றவாளியைப் பாதுகாப்புத் துறையின் மேசைகளில் தேட வேண்டிய நேரத்தில், நீங்கள் மகப்பேற்று விடுதியில் தேடினீர்கள். தேவாலயங்களில் பிள்ளைகளைப் பறிகொடுத்த தாய்மாருக்கும் இதனால் எந்த நன்மையும் விளையவில்லை. அவர்கள் கேட்ட கேள்விக்குக் கிடைக்க வேண்டிய பக்கங்களை எங்களைப் பற்றிய கதைகள் பிடித்துக்கொண்டன.

தமிழ் ஆசிரியர்களிடம் தனியாக ஒரு சொல். 2007 ஜூனில் கொழும்பு விடுதிகளிலிருந்து தமிழர்களை பஸ்களில் ஏற்றி வடக்கிற்கும் கிழக்கிற்கும் அனுப்பியபோது, அடையாள அட்டையில் உள்ள பெயர் ஒன்றே குற்றமாகிவிடும் என்பதை நீங்கள் எழுதினீர்கள். அதே பயங்கரவாதத் தடைச் சட்டம் 1979 முதல் உங்கள் வீட்டு இளைஞர்களை எப்படி விழுங்கியது என்பதை உங்களை விட அறிந்தவர்கள் இல்லை. அதே சட்டம் எங்கள் வைத்தியரையும் பிடித்தபோது, உங்களில் பலரும் பொலிஸ் பேச்சாளர் சொன்னதை அப்படியே இறக்கி வைத்துவிட்டு ஒதுங்கிக்கொண்டது எனக்கு வலித்தது. எங்கள் இரு சமூகங்களுக்கும் இடையே பழைய காயங்கள் உண்டு, மறுக்கவில்லை. இருந்தாலும் உங்களிடம் கூடுதலாக எதிர்பார்க்கும் உரிமையை ஒரே மொழியில் படிப்பவள் என்ற முறையில் எடுத்துக்கொள்கிறேன்.

வைத்தியர் ஷாபி மீண்டும் அரச சேவையில் சேர்க்கப்பட்டார். 2022இல் கிடைத்த நிலுவைச் சம்பளம் 26 இலட்சம் ரூபாய்க்கும் அதிகம். வைத்தியசாலைகளில் மருந்துத் தட்டுப்பாடு உச்சத்தில் இருந்த அந்த மாதங்களில், அதை அவர் அத்தியாவசிய மருந்துகள் வாங்கக் கொடுத்துவிட்டார். கொவிட் காலத்தில், அடக்கம் செய்ய வேண்டிய எங்கள் ஜனாஸாக்களை (இறந்தோரின் உடல்களை) எரித்ததற்காக, 2024 ஜூலையில் அமைச்சரவையே மன்னிப்புக் கோரத் தீர்மானித்தது. குற்றம் சுமத்தப்பட்டவர் மருந்து கொடுத்தார், அரசாங்கம் மன்னிப்புக் கேட்க முன்வந்தது. அந்தத் தலைப்பு வந்த இடத்தில், அந்த எழுத்தின் அளவில், அது பொய் என்ற ஒரு வரி வந்ததை நான் இதுவரை பார்க்கவில்லை.

ஆகவே நான் கேட்பது ஒன்றுதான். முதல் பக்கத்தில் குற்றம் சாட்டியவர்கள் முதல் பக்கத்திலேயே திருத்தம் வெளியிட வேண்டும். இரவு 7 மணிச் செய்தியில் சொன்னவர்கள் இரவு 7 மணிச் செய்தியிலேயே திருத்திச் சொல்ல வேண்டும். ஆறாம் பக்கத்தின் அடியில் நான்கு வரியில் வருத்தம் தெரிவிப்பதை நான் கேட்கவில்லை. இணையத்தில் இன்றும் திறக்கும் அந்தப் பழைய செய்திகளின் தலையிலாவது, இது நிரூபிக்கப்படாத குற்றச்சாட்டு என்பதையும், விசாரணையில் சான்று கிடைக்கவில்லை என்பதையும் தெளிவாகச் சேர்த்துவிடுங்கள். இனி ஒரு வைத்தியர் மீதோ தாதி மீதோ மருத்துவம் தொடர்பான குற்றச்சாட்டு வந்தால், அவர் எந்தச் சமூகத்தைச் சேர்ந்தவராயினும், அச்சுக்குப் போகுமுன் துறை அறிந்த ஒருவரிடம் கேட்டுவிட்டு வெளியிடுங்கள்.

எழுத்தில் கடுமை தெரிந்தால் பொறுத்துக்கொள்ளுங்கள். உங்களில் பலர் நல்ல மனதோடு செய்தி சேகரிப்பவர்கள் என்பதை நான் அறிவேன். அந்த வாரங்களில் எங்கள் தெருவுக்கு வந்து, எரிந்த கடைகளின் முன்னால் நின்று, உண்மையை எழுதிய சிங்கள, தமிழ் இளம் செய்தியாளர்களையும் நான் மறக்கவில்லை. அவர்கள் எழுதியவை உள்பக்கங்களில்தான் வந்தன. அடுத்த ஏப்ரல் 21 சிறப்பிதழைத் திட்டமிட உங்கள் ஆசிரியர் குழு கூடும்போது இந்த மடலையும் மேசையில் வைத்து, திருத்தத்துக்கு முதல் பக்கத்தில் இடம் ஒதுக்கித் தருமாறு தயவாகக் கேட்டுக்கொள்கிறேன். அதில் ஒரு சொல் எப்படி இருக்க வேண்டும் என்று மருத்துவ விளக்கம் தேவைப்பட்டால், எந்த நேரத்திலும் வந்து சொல்லத் தயாராக இருக்கிறேன்.

இப்படிக்கு,
ஓய்வுபெற்ற தாதி உத்தியோகத்தர் ஒருவர்,
வடமேல் மாகாணம்