பொங்கலன்று சொன்ன பொய்

குடியாத்தம்,
ஏப்ரல் 6

அன்புள்ள சேகர்,

எல்லோரும் சௌக்கியம். வெயில் இப்போதே மண்டையைப் பிளக்கிறது. உன் மாமியாருக்கு முட்டி வலி தேவலையா? சரி, விஷயத்துக்கு வருகிறேன்.

பொங்கலன்று போனில் "பையன் பிரமாதமாகப் படிக்கிறான்" என்றேனே, அது பொய். அதற்கு இரண்டு நாள் முன்னால்தான் முதல் செமஸ்டர் ரிசல்ட் வந்தது. இரண்டு அரியர். பிளஸ் டூவில் 600-க்கு 531 எடுத்தவன், இயற்பியலில் 75-க்கு 19. உன்னிடம் சொல்ல வாய் வரவில்லை. அந்த வெட்கத்தில்தான் இத்தனை நாள் மௌனம்.

எல்லா அப்பன்களையும் போல நானும் முதலில் செல்போனைப் பிடுங்கினேன். கடைப் பையன்கள் எதிரிலேயே "மக்கு" என்றும் திட்டிவிட்டேன். அப்புறம் அவன் நோட்டைப் புரட்டிப் பார்த்தால், அவ்வளவு அழகு! தலைப்பெல்லாம் பச்சை மை, வரிக்கு வரி மஞ்சள் மார்க்கர். மார்க்கர் படாத வரியைத் தேட வேண்டியிருந்தது. ராத்திரி பதினொன்றரை வரை படிப்பதையும் நானே பார்த்திருக்கிறேன். நோட்டை மூடிவிட்டு, "எனக்குப் புரியாட்டிப் பரவாயில்ல, மீள்தன்மைன்னா என்னன்னு நீ பாட்டுக்குச் சொல்லு" என்றேன். இரண்டு வரி சொன்னான், நின்றுவிட்டான்.

"படிக்கும்போது எல்லாம் தெரியுதுப்பா. மூடினா வரமாட்டேங்குது."

வேலூருக்குப் போய் அவன் வாத்தியார் ஒருவரைப் பார்த்தேன். சிரித்தார். 2006-இல் ரோடிகர், கார்ப்பிக் என்ற இரண்டு அமெரிக்க உளவியலாளர்கள் செய்த சோதனையைச் சொன்னார். சில மாணவர்கள் பாடத்தைத் திரும்பப் படித்தார்கள். சிலர் பார்க்காமல், நினைவில் இருந்ததை எழுதினார்கள். ஐந்து நிமிடம் கழித்துக் கேட்டபோது திரும்பப் படித்தவர்கள் முன்னால். ஒரு வாரம் கழித்துக் கேட்டபோது எழுதியவர்கள் முன்னால். நம்ம ஆள் தினமும் அந்த ஐந்தாவது நிமிடத்திலேயே திருப்தியாகித் தூங்கப் போயிருக்கிறான்! எனக்கு லுங்கிக் கடை புத்தி. சரக்கு வாங்கிக்கொண்டே இருந்தான், ஒருநாளும் இருப்பு எடுக்கவில்லை என்று புரிந்துகொண்டேன்.

இப்போது சாயந்திரம் பஸ்ஸில் வரும்போதே அன்றைய வகுப்பை மனசுக்குள் ஓட்டிப் பார்க்கிறான். வீட்டுக்கு வந்ததும் ஒரு வெள்ளைத்தாள். பார்க்காமல் எழுதி, விட்டுப்போனதைச் சிவப்பு மையில் சேர்க்கிறான். மூன்று நாள் கழித்து அதே பாடம் மறுபடியும். சிவப்பு குறைந்தால் என்னிடம் கொண்டுவந்து நீட்டுகிறான். பத்தரைக்கு விளக்கை அணைத்துவிடுகிறேன். மஞ்சள் மார்க்கர் இப்போது என் கடைக் கல்லாவில்.

போன வாரம் ஒரு ராத்திரி, எழுதிக்கொண்டிருந்தவன் தலையைத் தூக்காமலே, "நான் நெஜமாவே மக்காப்பா?" என்று கேட்டான். எனக்குச் சோறு இறங்கவில்லை, சேகர். ஜனவரியில் சொன்ன வார்த்தையை இத்தனை நாள் சுமந்திருக்கிறான்.

பரீட்சையன்று காலையில் கோட்டை அகழி ஓரம் உட்கார்ந்து கைடு புரட்டின நாம் பாஸானது மூக்குப்பொடி வாத்தியார் புண்ணியத்தில். அதை மட்டும் அவனிடம் உளறிவிடாதே. ஞாயிற்றுக்கிழமை அவனுக்கு ஒரு போன் போடு. மார்க் பற்றிக் கேட்காதே, கிரிக்கெட் பேசு.

20-ஆம் தேதி பரீட்சை ஆரம்பம், அரியரும் சேர்த்து. ஹால் டிக்கெட்டை இப்போதே நாலு ஜெராக்ஸ் எடுத்து வைத்துவிட்டேன். ஏன் என்று உனக்குத் தெரியும், சிரிக்காதே.

உன்,
கோபி